பள்ளித் தோட்டம் அமைப்பது எப்படி: ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை, படிப்படியாக

பள்ளித் தோட்டம் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் விதையிலிருந்துதான் தொடங்குகிறார்கள். ஒரு நாள் எல்லோரும் கூடிக் குழி தோண்டி, விதை போட்டு, படம் எடுத்துக்கொள்கிறார்கள். மூன்றாவது வாரம் களை மண்டுகிறது. ஐந்தாவது வாரம் தண்ணீர் ஊற்ற ஆளில்லை. அப்புறம் விடுமுறை வந்துவிடுகிறது. திரும்பி வந்து பார்த்தால் காய்ந்த தண்டுகள்தான் நிற்கின்றன. நான் கைகொடுத்த தோட்டங்களில் இரண்டு இப்படியே போயின. இரண்டிலும் பிள்ளைகள் ஆசையோடுதான் இருந்தார்கள். வேலைகளின் வரிசையைத்தான் நாங்கள் தலைகீழாகப் போட்டிருந்தோம்.

விதை ஏழாவது வேலை. அதற்கு முன் இருக்கும் ஆறு வேலைகளிலும் பாடம் நிறைய இருக்கிறது. நிலைத்த வேளாண்மை என்று இந்த வயதுப் பிள்ளைகளுக்கு மூன்று விஷயங்களைக் கையால் காட்டினால் போதும்: எடுத்ததை மண்ணுக்குத் திருப்பிக் கொடுப்பது, தண்ணீரைக் கணக்கோடு செலவிடுவது, ஒரே பயிரை ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வைக்காமல் இருப்பது.

1. நாட்காட்டியைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

முதல் கருவி நாட்காட்டி. நீண்ட விடுமுறை எந்தத் தேதியில் தொடங்குகிறது என்று பாருங்கள். அதற்கு இரண்டு வாரம் முன்பே கடைசி அறுவடை முடிந்துவிட வேண்டும். அங்கிருந்து பின்னோக்கி எண்ணினால் எந்தப் பயிருக்கு நாள் இருக்கிறது, எதற்கு இல்லை என்பது தெரிந்துவிடும்.

முள்ளங்கிக்கும் சீக்கிரம் வளரும் கீரைகளுக்கும் 25 முதல் 35 நாள் போதும். குத்துப் பீன்ஸ் 50 முதல் 60 நாளில் காய்க்கும். தக்காளியில்தான் புதியவர்கள் தவறாமல் ஏமாறுகிறார்கள். விதை உறையில் 70 நாள் என்று போட்டிருந்தால், அது வழக்கமாக நாற்றைப் பிடுங்கி நட்ட நாளிலிருந்து எண்ணிய கணக்கு. நாற்று வளரும் நான்கு வாரத்தையும் சேர்த்தால் நூறு நாளைத் தொடும். பழம் சிவக்கிற நேரத்தில் பள்ளி பூட்டியிருந்தால், மூன்று மாதம் உழைத்த பிள்ளைக்கு ஒரு பழம்கூடக் கையில் கிடைக்காது.

இந்தக் கணக்கை ஆசிரியரே போட்டு வைக்காமல் மாணவர்களைப் போடச் சொல்லுங்கள். ஒரு முழு வகுப்பு நேரம் போகும். போகட்டும், விவசாயி செய்கிற முதல் திட்டமிடலே இதுதான்.

2. ஆட்களை உறுதி செய்யுங்கள்

ஒரே ஆசிரியரின் ஆர்வத்தில் நிற்கும் தோட்டம் அவர் மாற்றலாகிப் போகும் நாளில் முடிந்துவிடும். குறைந்தது இரண்டு ஆசிரியர்கள் வேண்டும். பள்ளியின் பராமரிப்புப் பணியாளர் ஒருவரையும் தொடக்கத்திலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர்க் குழாய் எங்கே அடைக்கும், எந்த மூலையில் மழைநீர் தேங்கும் என்பது அவருக்குத்தான் தெரியும். புல் வெட்டுகிறவரிடம் சொல்லாமல் விட்டதால் முளைத்த பாத்தி ஒன்று புல்லோடு சேர்ந்து வெட்டுப்பட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

ஒரு பாத்திக்கு ஐந்து அல்லது ஆறு மாணவர்கள் போதும். குழுவுக்குள் தண்ணீர், களை, கம்போஸ்ட், குறிப்பேடு என்று பொறுப்பைப் பிரித்து வாராவாரம் மாற்றுங்கள். மாற்றாவிட்டால் ஒரே பிள்ளை எப்போதும் பூவாளி பிடிக்கும், இன்னொரு பிள்ளை எப்போதும் களை பிடுங்கும்.

தேனீக் கடி ஒவ்வாமை, ஆஸ்துமா உள்ள மாணவர்கள் யார் என்று பெற்றோரிடம் முன்கூட்டியே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எல்லோருக்கும் டெட்டனஸ் தடுப்பூசி போட்டிருக்கிறதா என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள்.

3. இடத்தைத் தேர்ந்தெடுங்கள்

காய் காய்க்கும் செடிகளுக்கு ஒரு நாளில் ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். கீரை வகைகள் நான்கு மணி நேரத்திலும் சமாளிக்கும். ஒரு மாணவர் குழுவைக் காலை முதல் மாலை வரை மணிக்கு ஒரு முறை அனுப்பி, நிழல் விழும் எல்லையைச் சுண்ணாம்புப் பொடியால் கோடு போடச் சொல்லுங்கள். மதியம் மட்டும் பார்த்துவிட்டு இடம் முடிவு செய்வது பொதுவான தவறு. மூன்று மணிக்குப் பக்கத்துக் கட்டடத்தின் நிழல் முழுப் பாத்தியையும் மூடிவிடக்கூடும்.

தண்ணீர்க் குழாய் முப்பது மீட்டருக்குள் இருக்கட்டும். பன்னிரண்டு வயதுப் பிள்ளை பத்து லிட்டர் பூவாளியைத் தூக்கிக்கொண்டு அதற்கு மேல் நடந்தால் பாதித் தண்ணீர் வழியிலேயே சிந்திவிடும்.

பழைய கட்டடச் சுவரை ஒட்டியும், வண்டிகள் அதிகம் ஓடும் சாலை ஓரத்திலும் பாத்தி போடாதீர்கள். பழைய பெயின்ட்டிலும் முன்பு ஓடிய பெட்ரோலிலும் ஈயம் இருந்தது, அது மண்ணில் பல பத்தாண்டுகள் தங்கும். வேறு இடமே இல்லையென்றால் மண்ணைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பி, முடிவு வந்த பிறகே தொடருங்கள்.

4. மண்ணோடு பழகுங்கள்

தோண்டத் தொடங்கும் முன் இரண்டு சோதனைகள். இரண்டுக்கும் செலவில்லை.

முதலாவது பாட்டில் சோதனை. நேர்ச்சுவர் உள்ள கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண் போட்டு, தண்ணீர் நிரப்பி, பாத்திரம் கழுவும் சோப்பு சில துளிகள் விட்டு, ஐந்து நிமிடம் நன்றாகக் குலுக்குங்கள். கீழே வைத்த ஒரு நிமிடத்துக்குள் மணல் படிந்துவிடும். அந்த உயரத்தைப் பாட்டிலில் கோடு போட்டுக் குறியுங்கள். சில மணி நேரத்தில் அதன் மேல் வண்டல் படியும். களிமண் படிய ஒரு நாளோ இரண்டு நாளோ ஆகும். மேலே மிதப்பவை இலைத்துணுக்குகளும் வேர்த்துகள்களும். அடுக்குகளை அளவுகோலால் அளந்து சதவீதம் போட்டால் கணக்குப் பாடமும் முடிந்தது. மறுநாள் காலை வகுப்புக்குள் நுழைந்ததும் பிள்ளைகள் பையை வைக்காமலேயே ஜன்னலோரம் ஓடி அவரவர் பாட்டிலைக் குனிந்து பார்ப்பார்கள். காலடியில் கிடந்த ஒரு பிடி மண்ணுக்குள் இத்தனை அடுக்கா என்ற ஆச்சரியம் அந்த முகங்களில் தெரியும்.

இரண்டாவது வடிகால் சோதனை. முப்பது சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குழி தோண்டித் தண்ணீர் நிரப்புங்கள். அது முழுவதும் இறங்கிய பிறகு மறுபடி நிரப்பி, மணிக்கு எத்தனை சென்டிமீட்டர் இறங்குகிறது என்று அளக்க வேண்டும். முதல் தண்ணீர் காய்ந்த மண்ணில் வேகமாக இறங்கி ஏமாற்றும், அதனால்தான் இரண்டாவது முறை. இரண்டு முதல் ஐந்து சென்டிமீட்டர் என்றால் நல்லது. ஒன்றுக்கும் கீழே போனால் மேட்டுப்பாத்தி போட்டே ஆக வேண்டும்.

களிமண் அதிகம் என்று தெரிந்ததும் மணலைக் கொண்டுவந்து கலப்பவர்கள் உண்டு. வேண்டாம். கொஞ்சமாக மணல் சேர்த்தால் மண் இன்னும் இறுகித்தான் போகும். களிமண்ணானாலும் மணல் மண்ணானாலும் மருந்து ஒன்றே: மட்கிய கம்போஸ்ட்.

5. கம்போஸ்ட் குவியலை விதைப்புக்கு மூன்று மாதம் முன்பே தொடங்குங்கள்

எல்லோரும் தள்ளிப்போடும் வேலை இது. அதனால்தான் கடைசியில் உரம் வாங்கிக் கொட்ட வேண்டிவருகிறது. பள்ளி வளாகத்தின் காய்ந்த இலைகளையும் மதிய உணவில் மிஞ்சும் காய்கறி, பழத் தோல்களையும் வைத்தே இதை நடத்தலாம்.

அளவு முறையில் காய்ந்தது மூன்று பங்கு, பச்சை ஒரு பங்கு. காய்ந்த இலையில் கார்பன் அதிகம், பச்சைத் தோலில் நைட்ரஜன் அதிகம். குவியலில் வேலை செய்யும் நுண்ணுயிர்களுக்கு இரண்டும் வேண்டும்: நைட்ரஜன் ஒரு பங்குக்குக் கார்பன் 25 முதல் 30 பங்கு. ஒவ்வொரு முறை பச்சை போட்டதும் மேலே காய்ந்த இலையை மூடிவிடுங்கள். ஈயும் நாற்றமும் வராமல் இருக்க இந்த ஒரு பழக்கம் போதும். இறைச்சி, மீன், பால் பொருட்கள், எண்ணெய் கலந்த சமைத்த உணவு எதையும் போடக் கூடாது, எலி வரும்.

ஈரம் எவ்வளவு? ஒரு பிடி எடுத்து இறுகப் பிழியுங்கள். ஒன்றிரண்டு துளி கசிந்தால் சரி. ஒழுகினால் காய்ந்த இலை சேருங்கள், உதிர்ந்தால் தண்ணீர் தெளியுங்கள்.

நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒவ்வொரு மீட்டர் இருந்தால் குவியல் சூட்டைத் தக்கவைக்கும். உள்ளே 55 முதல் 65 டிகிரி செல்சியஸ் வரை ஏறும். நீண்ட தண்டுள்ள வெப்பமானியைச் செருகித் தினமும் அளந்து வரைபடம் போடச் சொல்லுங்கள். சூடு இறங்கத் தொடங்கும்போது குவியலைப் புரட்டினால் காற்று புகுந்து மறுபடி ஏறும். அந்த இரண்டாவது ஏற்றத்தை வரைபடத்தில் தங்கள் கையாலேயே வரையும் பிள்ளைக்கு, குவியலுக்குள் உயிர்கள் மூச்சு விடுகின்றன என்று நீங்கள் தனியாக விளக்க வேண்டியதில்லை. சின்னக் குவியல் என்றால் சூடு ஏறாது. மட்க நாளாகும், ஆனாலும் மட்கும்.

ஆறியதும் பயன்படுத்திவிடலாம் என்று அவசரப்படாதீர்கள். பாதி மட்கிய கம்போஸ்ட் மண்ணிலுள்ள நைட்ரஜனை இழுத்துக்கொள்ளும், நாற்றுகள் வெளிறிப்போகும். ஒரு கைப்பிடியை ஈரமாக்கிப் பையில் இறுகக் கட்டி மூன்று நாள் வையுங்கள். திறந்ததும் மழை பெய்த மண் வாசம் வந்தால் தயார். புளித்த வாடையோ காரமான அம்மோனியா நெடியோ வந்தால் இன்னும் சில வாரம் விட்டுவைக்க வேண்டும்.

மட்காத சாணமும் கோழி எச்சமும் பள்ளித் தோட்டத்தில் வேண்டாம். அவற்றிலுள்ள நோய்க்கிருமிகள் கீரையிலும் கிழங்கிலும் ஒட்டிக்கொண்டு வரும், பிள்ளைகள் பறித்த கையோடு வாயில் போடுவார்கள்.

6. பாத்தி போடுங்கள்

வயல் அளவுக்கு ஆசைப்படாதீர்கள். முதல் ஆண்டுக்கு நான்கு பாத்திகள் போதும். பெரியவர்கள் 120 சென்டிமீட்டர் அகலம் வைப்பார்கள். இந்த வயதுப் பிள்ளைகளின் கை நடுவரை எட்ட 90 தான் சரி. எட்டாவிட்டால் பாத்தியில் காலை வைப்பார்கள். மிதிபட்ட மண் இறுகினால் வேருக்குக் காற்று போகாது. நடைபாதை 60 சென்டிமீட்டர். சக்கர நாற்காலி வரும் பாதை மட்டும் குறைந்தது 90 இருக்கட்டும்.

விளிம்புக்குப் பழைய ரயில் தண்டவாளக் கட்டைகளைப் பயன்படுத்தாதீர்கள், அவற்றில் கிரியோசோட் என்ற, மரம் மட்காமல் இருக்கப் பூசும் நச்சு எண்ணெய் ஏறியிருக்கும். கல், செங்கல், மருந்தேற்றாத மரம் எதுவும் சரி. கம்போஸ்ட்டை ஐந்து சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்பி மேல்மண்ணோடு கலந்து, ஒரு வாரம் விட்டுவிடுங்கள். அந்த வாரத்தில் முளைக்கும் களையை மேலோட்டமாகச் சுரண்டி எடுத்துவிட்டால் பின்னால் பாதி வேலை மிச்சம்.

7. பயிரும் விதைப்பும்

நான்கு பாத்திக்கு நான்கு வகை: பருப்புக் குடும்பம், இலை, காய், கிழங்கு. அடுத்த பருவம் ஒவ்வொன்றும் ஒரு பாத்தி நகரும். தக்காளி, கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு நான்கும் ஒரே குடும்பம் என்பது பலருக்குத் தெரியாது. தக்காளிக்குப் பின் கத்தரி வைத்துவிட்டுப் பயிர் மாற்றினோம் என்று நினைப்பார்கள். மண்ணில் தங்கிய நோய்க்கும் புழுவுக்கும் அது அதே சாப்பாடுதான்.

விதைக்கு ஒரு வாரம் முன் முளைப்புச் சோதனை செய்யுங்கள். இருபது விதையை ஈரத்துணியில் சுருட்டி வைத்தால் எத்தனை முளைக்கிறதென்று தெரியும். பதினாறு முளைத்தால் 80 சதவீதம். பத்துக்கும் கீழே என்றால் புது விதை வாங்குங்கள். இந்தச் சோதனையைத் தவிர்த்துவிட்டு, முளைக்காத பாத்திக்கு மூன்று வாரம் தண்ணீர் ஊற்றிய வகுப்பு ஒன்று இருந்தது. அதற்குப் பிறகு நான் இதை ஒரு முறையும் விட்டதில்லை.

விதையின் கனத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு ஆழம் போதும். பிள்ளைகள் பத்திரமாக இருக்கட்டும் என்று விரல் முழுவதும் அழுத்திப் புதைப்பார்கள். கீரை விதை அந்த ஆழத்திலிருந்து மேலே வராது, உள்ளே இருக்கும் உணவு தீர்ந்துவிடும். ஒரு குச்சியில் ஆழத்தைக் கோடு போட்டுக் குழுவுக்கு ஒன்று கொடுங்கள்.

இன்னொன்று: கலைத்துவிடும் வேலையை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். நெருக்கமாக முளைத்த முள்ளங்கியில் பாதியைப் பிடுங்கச் சொன்னால் சில பிள்ளைகள் உண்மையாகவே வருந்துவார்கள். ஓர் ஓரத்தில் அரை மீட்டரைக் கலைக்காமல் விட்டுவிடுங்கள். அறுவடை நாளில் விரல் கனமுள்ள வேர்களையும் நூல்போன்ற வேர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது காரணம் புரிந்துவிடும்.

8. தண்ணீரும் மூடாக்கும்

மிதமான வெயிலில் சதுர மீட்டருக்கு வாரம் ஏறக்குறைய 25 லிட்டர் தேவை. ஒரு மீட்டர் சதுரத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். மழைமானியில் 10 மில்லிமீட்டர் பதிவானால் அந்த வாரம் 15 லிட்டர் ஊற்றினால் போதும். மழைமானி இல்லையென்றால் நேர்ச்சுவர் உள்ள டப்பாவும் அளவுகோலும் போதும்.

தினமும் மேலாகத் தெளிப்பது மிகப் பரவலான தவறு. வேர் மேலேயே நின்றுவிடும், ஒரு நாள் விட்டால் செடி தலைசாயும். முளைத்து நிலைபெற்ற செடிக்கு வாரம் இரண்டு மூன்று முறை ஆழமாக ஊற்றுவதே நல்லது. ஊற்றும் முன் ஆள்காட்டி விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் விட்டுப் பார்க்கட்டும். ஈரம் பட்டால் அன்று வேண்டாம்.

இந்தத் தோட்டத்தில் ஒரே ஒரு சோதனைதான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். ஒரு பாத்தியை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் காய்ந்த இலை, வைக்கோல் மூடாக்கை ஐந்து முதல் எட்டு சென்டிமீட்டர் போடுங்கள். மறுபாதி வெறும் மண். விதை, நாள், இடைவெளி எல்லாம் ஒன்றாகவே இருக்கட்டும். விரல் சோதனையில் காய்ந்தால் மட்டும் தண்ணீர், ஊற்றிய ஒவ்வொரு லிட்டரும் எழுதப்பட வேண்டும். அறுவடையில் ஒரு கிலோவுக்கு எத்தனை லிட்டர் என்று வகுத்துப் பார்ப்பார்கள். மூடாக்கு தண்டைத் தொடாமல் நாலு விரல் தள்ளி இருக்கட்டும், இல்லாவிட்டால் தண்டு அழுகும்.

9. பூச்சி வந்தால் முதலில் பாருங்கள்

இலைச்சாற்றை உறிஞ்சும் சின்னப் பூச்சியான அசுவினியைக் கண்டதும் மருந்து என்று ஓடாதீர்கள். ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடியோடு பத்து நிமிடம் உட்காரச் சொல்லுங்கள். இலையின் அடியில் கறுப்பாக, ஆரஞ்சுப் புள்ளியோடு, குட்டி முதலை போல ஒரு புழு ஊரும். பொறிவண்டின் இளம்பருவம் அது, அசுவினியைத்தான் தின்னும். புதியவர்கள் முதலில் நசுக்குவதும் அதைத்தான், பார்க்கப் பயமாக இருப்பதால். ஒரு முறை தெரிந்துவிட்டால் பிள்ளைகள் அதற்குக் காவலே இருப்பார்கள்.

பெரிய புழுக்களைக் கையால் எடுங்கள். அசுவினி மிகுந்தால் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலே பாதி உதிரும். அதற்கும் மிஞ்சினால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஐந்து மில்லி மென்மையான திரவ சோப்புக் கரைத்து, மாலையில், இலையின் அடிப்பக்கம் தெளிக்கலாம். உச்சி வெயிலில் தெளித்தால் இலை கருகும். முதலில் ஒரே இலையில் தெளித்து ஒரு நாள் பார்த்துவிடுங்கள். தெளிக்கும் வேலை பெரியவர்களுடையது. இரசாயனப் பூச்சிக்கொல்லிக்குப் பள்ளியில் இடமே கொடுக்க வேண்டாம்.

10. வகுப்பு நேரத்தைப் பங்கிடுங்கள்

நாற்பது நிமிடத்தில் ஐந்து நிமிடம் வகுப்பறையிலேயே இன்றைய வேலையைச் சொல்லுங்கள், வெளியே போனால் யாரும் கேட்க மாட்டார்கள். இருபது நிமிடம் வேலை. கருவி கழுவி எண்ணி வைக்க ஐந்து. கடைசிப் பத்து நிமிடம் சோப்புப் போட்டுக் கை கழுவவும் குறிப்பேடு எழுதவும். புதியவர்கள் வேலையை நீட்டி இந்தப் பத்தை விழுங்கிவிடுவார்கள். எழுதாமல் போன வாரத்தில் என்ன நடந்தது என்று அடுத்த பருவம் யாருக்கும் நினைவிருக்காது.

குறிப்பேட்டில் தேதி, மழை, ஊற்றிய லிட்டர், செடியின் உயரம், ஒரு கேள்வி. கேள்வி கட்டாயம். "ஏன் ஓரத்துச் செடி மட்டும் குட்டையாக இருக்கிறது?" என்று ஒரு மாணவி எழுதியதிலிருந்துதான் பாத்தியோரத்து மரத்தின் வேர் உள்ளே வந்திருப்பதை ஒரு முறை கண்டுபிடித்தோம்.

11. பீன்ஸ் வேரைத் திறந்து பாருங்கள்

பீன்ஸ் பூத்த வாரத்தில் ஒரு செடியை மண்வெட்டியால் அடியோடு பெயர்த்து, வாளித் தண்ணீரில் வேரை மெல்ல அலசுங்கள். பிடுங்கினால் முடிச்சுகள் மண்ணிலேயே அறுந்து நின்றுவிடும். வேரில் மிளகு அளவில் ஒட்டியிருக்கும் முடிச்சு ஒன்றை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பு தெரியும். காற்றிலிருக்கும் நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கும் பாக்டீரியா அங்கே வேலை செய்கிறது என்பதற்கு அந்த நிறமே அடையாளம். நம் இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் புரதத்தின் உறவுக்காரப் புரதம்தான் அந்தச் சிவப்பு. உள்ளே வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் வேலை நடக்கவில்லை. நைட்ரஜன் உரம் அதிகம் போட்ட மண்ணில் முடிச்சே குறைவாகத்தான் இருக்கும், செடிக்குத் தேவை இல்லாமல் போவதால்.

அறுவடைக்குப் பின் செடியைப் பிடுங்காமல் மண் மட்டத்தில் வெட்டுங்கள், வேர் உள்ளேயே மட்கட்டும். தண்டும் இலையும் கம்போஸ்ட்டுக்குப் போக வேண்டும். பிடித்த நைட்ரஜனில் பெரும்பங்கு காயிலும் இலையிலும் இருக்கிறது, வேரை மட்டும் விட்டால் மண்ணுக்குச் சேர்வது கொஞ்சம்தான்.

12. அறுவடை, விதை, விடுமுறை

அறுவடையை எடை போடாமல் யாரும் எடுத்துப் போகக் கூடாது. பாத்தி வாரியாக எழுதிய பிறகு பங்கிட்டுக்கொள்ளலாம்.

விதைக்கென்று நல்ல பீன்ஸ் செடி இரண்டைத் தொடாமல் விடுங்கள். காய் செடியிலேயே காய்ந்து, ஆட்டினால் உள்ளே விதை குலுங்கும்போது பறிக்கலாம். பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்ப்பதால் விதை தாயைப் போலவே வரும். பூசணி பக்கத்து ரகத்தோடு எளிதாகக் கலந்துவிடும், முதல் ஆண்டில் வேண்டாம். வீரிய ஒட்டு ரகத்தில் எடுத்த விதை ஒரே மாதிரி வராது என்பதால், விதை வாங்கும்போதே உறையைப் படித்துவிடுங்கள்.

விடுமுறைக்கு முந்தைய வாரம் பாத்திகளை வெறுமையாக விடாமல் கம்போஸ்ட் ஒரு அடுக்கும் அதன் மேல் பத்து சென்டிமீட்டர் காய்ந்த இலையும் போட்டு மூடுங்கள். ஒரு நல்ல தண்ணீர் ஊற்றி, குழாயை மூடி, கருவிகளில் மெல்லிய எண்ணெய் தடவி வையுங்கள். காய்ந்த விதையைக் காகித உறையில் போட்டு, ரகம், தேதி, பாத்தி எண் எழுதி, குளிர்ந்த உலர்ந்த அலமாரியில் வைக்கட்டும். உறையின் பின்பக்கம் அடுத்த ஆண்டு வரும் மாணவர்களுக்கு ஒரு வரி எழுதச் சொல்லுங்கள், எந்த மூலையில் தண்ணீர் தேங்குகிறது என்பதைப் போல.